லிமெரிக்கில் வண்டி மாற வேண்டும்

பாலிக்ரீன், கிளேர் மாவட்டம்
12 ஜூலை 1914

என் அருமைச் சகலை ஃபின்டனுக்கு,

மாலக்கி எழுதிக்கொள்வது. இங்கு டீலியா பரம சௌக்கியம். அவள் சௌக்கியமாக இருப்பதால் நான் கொஞ்சம் சுமார். ஈஸ்டருக்குப் பிறகு உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. டப்ளின் அச்சகத்தில் ஊர் உலகத்துக்கெல்லாம் எழுத்துக் கோக்கிறாய், உன் பெண்டாட்டி வின்னியின் அக்கா புருஷனுக்கு நாலு எழுத்துக் கோக்க உனக்கு நேரமில்லை. இருக்கட்டும். வின்னி அனுப்புவதாகச் சொன்ன கேக்கும் வரவில்லை. அதை நீதான் தின்றிருப்பாய் என்று டீலியாவிடம் சொல்லிவிட்டேன்.

செய்தி என்னவென்றால், அயர்லாந்துக்கு ஒரு தொண்டர் படை கிடைத்துவிட்டது. அந்தப் படையில் நானும் இருக்கிறேன் என்பதால் நீ இனி நிம்மதியாகத் தூங்க முடியாது. ஞாயிறு பூசை முடிந்ததும் சந்தைத் திடலில் அணிவகுப்பு. துப்பாக்கி கிடையாது. விளக்குமாற்றுக் கட்டை, ஹர்லிங் ஆட்டத்து மட்டை, மண்வெட்டிக் காம்பு, இவைதான் ஆயுதம். எங்கள் கேப்டன், மருந்துக்கடை கான்சிடைன், நிஜத் துப்பாக்கி ஒன்று வைத்திருக்கிறார். அதை இதுவரை காக்கைகள் மட்டுமே மதித்திருக்கின்றன. தோல் பெல்ட்டுகள் எல்லாம் என் சேணக் கடையில் தைத்தவை. என் பெல்ட்டுக்கு மட்டும் ஒரு பசுவின் முதுகு முழுதும் தேவைப்பட்டது என்று ஊரில் பேச்சு. முக்கால்தான் ஆயிற்று.

பயிற்சி கொடுப்பவன் யார் தெரியுமா? நம் மச்சினன் மர்ட்டிதான். இங்கிலீஷ்காரன் பட்டாளத்தில் ஏழு வருஷம் இந்திய வெயிலில் காய்ந்துவிட்டு வந்தவன், அங்கே கற்றதை இங்கே எங்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறான். சுற்றுப்பட்டு ஊர்களிலும் இதே கூத்துதான். சுயாட்சி கேட்டு இங்கிலீஷ் சர்க்காரை மிரட்ட ஒரு படை சேர்க்கிறோம், அதற்கு வாத்தியார் சர்க்கார் பட்டாளத்தில் இருந்துதான் வரவேண்டியிருக்கிறது.

போன வாரம் என் முன்னால் வந்து நின்றான். “மச்சான், வயித்த உள்ள இழுங்க.”

“இழுத்துட்டேன்டா. இதுதான் உள்ள.”

திடலே சிரித்தது. அவனும் சிரித்தான். ஊருக்கு வந்த பிறகு அவன் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். பகலில் என் கடையில் உட்கார்ந்து தைக்கிறான். நல்ல கை. இருட்டு அறையில் மட்டும் படுக்க மாட்டேன் என்கிறான். காரணம் கேட்டால் பேச்சை மாற்றுகிறான்.

கேக்கை மறக்காதே.

உன் சகலை, அயர்லாந்தின் அகலமான தொண்டன்,
மாலக்கி டூஹி


டப்ளின்
28 ஜூலை 1914

அன்புள்ள அண்ணனுக்கு,

ஃபின்டனின் வணக்கம். வின்னியும் நானும் நலம். அண்ணியை மிகவும் கேட்டதாகச் சொல்லவும். கேக் விஷயத்தில் நீங்கள் ஊகித்தது சரிதான், மன்னிக்கவும்.

இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை. ரயில் கார்டு ஹனாஃபி கையில் கொடுத்தனுப்புகிறேன். உங்கள் தபாலாபீஸ் அம்மாள் கெட்டில் ஆவியில் கடிதங்களுக்கும் பங்கு கொடுத்துப் பிரித்துப் படிக்கிறவர் என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள்.

ஞாயிறன்று நாங்கள், டப்ளின் தொண்டர்கள், ஹௌத் துறைமுகத்துக்கு நடந்தோம். படகு வந்தது. நிஜத் துப்பாக்கிகள், அண்ணே. பழையவை, என் தோளுக்கு மேல் உயரம், ஆனால் நிஜம். நான் ஒன்றைச் சுமந்து சந்து வழியாக வீடு வந்து கரிமூட்டைக்கு அடியில் வைத்தேன். சாயங்காலம் ஆற்றங்கரைத் தெருவில், கேலி செய்த கூட்டத்தின் மேல் ராணுவம் சுட்டுவிட்டது. செத்தவர்களில் ஒரு பெண்ணும் உண்டு. மறுநாள் அந்த வழியாக வேலைக்குப் போனேன். ஒரு செருப்பு கிடந்தது. யாரும் அதை எடுக்கவில்லை, மிதிக்கவும் இல்லை. எல்லோரும் சுற்றிக்கொண்டு போனார்கள்.

ஐரோப்பாவில் பெரிய சண்டை வரும் என்று நாங்கள் கோக்கும் பத்திரிகை ஒவ்வொரு நாளும் சொல்கிறது. வந்தால், பட்டாளத்தை விட்டு வந்தவர்களையும் திரும்பக் கூப்பிடுவார்கள். கூப்பிட்டால் வருகிறேன் என்று மர்ட்டி கையெழுத்துப் போட்டிருக்கிறான். அத்தை சாகும்போது தன் இரண்டு பெண்களிடமும் கேட்டது ஒன்றே ஒன்றுதான். அவனை மறுபடி அங்கே விட்டுவிடாதீர்கள் என்றார். வின்னி அதை நினைத்து இப்போதே அழ ஆரம்பித்துவிட்டாள்.

ஒரு வழி இருக்கிறது. அமெரிக்கா போகும் சரக்குக் கப்பலில் எனக்குத் தெரிந்தவர் ஒருவர் கொதிகலன் அறையில் இருக்கிறார். கரி அள்ள ஒரு ஆள் தேவை, பெயர் கேட்க மாட்டார்கள். பாஸ்டனில் சித்தி இருக்கிறார். உத்தரவு வந்த உடனே மர்ட்டியை இங்கே அனுப்புங்கள். லிமெரிக்கில் வண்டி மாற வேண்டும். அங்கிருந்து ட்ராலியில் உள்ள பட்டாள முகாமுக்கு ஒரு வண்டி, டப்ளினுக்கு ஒரு வண்டி. அவன் டப்ளின் வண்டியில் ஏறினால் போதும், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

உங்களுக்குத் தெரியாதது இல்லை, ஆனாலும் சொல்கிறேன். சத்தமில்லாமல் அனுப்புங்கள். சந்தைக்குப் போகிறவன் போலப் போகட்டும்.

அன்புடன்,
ஃபின்டன்


பாலிக்ரீன்
5 ஆகஸ்ட் 1914

சகலை,

வந்துவிட்டது. சண்டையும் வந்துவிட்டது, மர்ட்டிக்குத் தாளும் வந்துவிட்டது. போலீஸ் சார்ஜென்ட்டே கொண்டுவந்து கொடுத்தார். என் கடையில் தேநீரும் குடித்தார். மர்ட்டி அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து தையலைத் தொடர்ந்தான்.

அவர் போன பிறகு உன் ஏற்பாட்டைச் சொன்னேன். “பாஸ்டனா?” என்றான். “கரிதானே, அள்ளுவேன் மச்சான். எதுனாலும் அள்ளுவேன். எவனோ ஒரு ராஜாவுக்காக இனி ஒரு மைல்கூட நடக்க மாட்டேன்.” டீலியா அவன் தலையைப் பிடித்து மார்போடு அணைத்துக்கொண்டாள். ஆக, ஆள் தயார்.

ஆனால் நீ சொன்ன ‘சந்தைக்குப் போகிறவன்’ கதை இங்கே எடுபடாது. டப்ளினில் ஆள் தெரியாது, இங்கே நிழல்கூடத் தெரியும். தாள் வந்தது தெருவுக்கே தெரிந்துவிட்டது. அவன் தலையைக் குனிந்துகொண்டு வண்டி ஏறினால் சார்ஜென்ட்டே, “ஏம்ப்பா, தனியாப் போற?” என்று கேட்பார். எனக்கு ஒரு யோசனை வந்திருக்கிறது. அடக்கமாகச் சொல்வதென்றால், அற்புதமான யோசனை.

எல்லா ஊரிலும் இப்போது வாத்தியார்களுக்குத் தாள் வந்திருக்கிறது. எல்லா ஊர்த் தொண்டர் படையும் அவர்களைப் பேண்டு வாத்தியத்தோடு ஸ்டேஷன் வரை கொண்டுபோய் விடுகிறது. எதற்கு என்று கேட்காதே. சர்க்கார் போன மாதம் வரை எதிரி, இந்த மாதம் கூட்டாளி, தலைவர்கள் சொல்லிவிட்டார்கள். நாமும் அப்படியே செய்தால்? ஊரே கூடி மேளதாளத்தோடு பட்டாளத்துக்கு அனுப்பிய ஆளை எந்தப் போலீஸ் சந்தேகப்படும்? லிமெரிக்கில் இறங்குவான், கூட்டத்தில் கலப்பான், டப்ளின் வண்டியில் ஏறுவான். அவன் காணாமல் போனது ட்ராலியில் தெரியவே நாளாகும்.

கான்சிடைனிடம் பேசிவிட்டேன். ரகசியத்தைச் சொல்லவில்லை, பேண்டை மட்டும் கேட்டேன். மனுஷன் கண் கலங்கிவிட்டார். பெரிய முரசு என் பொறுப்பு. அதைத் தாங்குகிற வயிறு ஊரில் வேறு யாருக்கும் இல்லை.

மர்ட்டி மட்டும், “பேண்டெல்லாம் வேணாமே மச்சான்,” என்றான்.

“டேய், அதுதான்டா உனக்குப் போர்வை.”

“எனக்குப் போர்வை வேணாம். சும்மா போயிடறேன்.”

“நீ பட்டாளத்தான், உத்தரவுக்குக் கட்டுப்படு.”

நாளை மதியம் வண்டி. ராத்திரிக்குள் உன் வீட்டு மேசையில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருப்பான். இதை ஹனாஃபி கையிலேயே தருகிறேன்.

உன் சூத்திரதாரி,
மாலக்கி


டப்ளின்
6 ஆகஸ்ட், காலை

அண்ணே,

இப்போதுதான் ஹனாஃபி தந்தார். அடுத்த வண்டியிலேயே இதை அனுப்புகிறேன். பேண்டு வேண்டாம். கையைக் காலைப் பிடித்துக் கேட்கிறேன், நிறுத்துங்கள். போலீஸைப் பற்றி நீங்கள் சொல்வது சரியாகவே இருக்கட்டும். மர்ட்டியைப் பற்றி யோசித்தீர்களா? அவன் மானத்துக்கு அஞ்சுகிறவன். ஊர் கைதட்டிய பிறகு அவனால் ஓட முடியாது.

ஃபின்டன்


பாலிக்ரீன்
6 ஆகஸ்ட், மாலை

சகலை, சகலை,

நீ பார்த்திருக்க வேண்டும்! இந்த நேரம் அவன் உன் பக்கத்தில் இருப்பான். என்னைப் பற்றி என்ன சொன்னான் என்று முதலில் அவனிடம் கேட்டுவிட்டு மேலே படி.

பங்குச் சாமியார் பிளாட்பாரத்திலேயே அவன் கழுத்தில் உத்தரியம் போட்டு ஆசீர்வதித்தார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் பச்சை ரிப்பன். என்னிடம் வாங்கிய கடிவாளத்துக்குக் காசு தராமல் வருஷக்கணக்கில் என் கண்ணில் படாமல் திரிந்த டொனலன்கூட வந்து அவனுக்குப் புகையிலை கொடுத்தான். கான்சிடைன் ஒரு பெட்டி மேல் ஏறி, “நம்மை மனுஷங்களா நிமிர்ந்து நிக்க வச்ச ஆளு இவரு! பாலிக்ரீன் பேரை இவரு காப்பாத்துவாரு!” என்று முழங்கினார். நான் முரசை அடித்த அடியில் வண்டியின் குதிரைப்பெட்டியில் இருந்த குதிரை ஒன்று மிரண்டுவிட்டது. பிறகு எங்கள் படை வரிசையாக நின்று, விளக்குமாற்றுக் கட்டைகளை நிமிர்த்தி அவனுக்கு ராணுவ மரியாதை செய்தது. அவன் கற்றுக்கொடுத்தது. ஒருவன்கூடப் பிசகவில்லை. மர்ட்டி விறைப்பாக நின்று சல்யூட் அடித்தான். பெண்களெல்லாம் அழுதார்கள். நான் மட்டும் முரசுக்குப் பின்னால் சிரித்துக்கொண்டிருந்தேன்.

ஜன்னல் வழியே அவன் சொன்னான், “மச்சான், ரொம்பப் பண்ணிட்டீங்க.”

“போடா. நீதான் நடிப்புல எல்லாரையும் அழ வச்சுட்ட.”

“யாரு நடிச்சா?” என்றான். வண்டி கிளம்பிவிட்டது.

அவன் வந்து சேர்ந்ததும் ஒரு வரி எழுது. டீலியா இன்னும் உட்காரவே இல்லை.

மாலக்கி


டப்ளின்
10 ஆகஸ்ட் 1914

அண்ணனுக்கு,

மர்ட்டி வரவில்லை.

அன்று ராத்திரி கடைசி வண்டி வரை ஸ்டேஷனில் நின்றேன். மறுநாளும் நின்றேன். கப்பல் போய்விட்டது. இன்று காலை அவனிடமிருந்து கடிதம் வந்தது, ட்ராலி முத்திரையோடு. அவன் எழுதியதை அப்படியே தருகிறேன்:

“ஃபின்டன் அத்தான், கோவிச்சுக்காதீங்க. லிமெரிக்ல ரெண்டு வண்டியும் நின்னுச்சு. டப்ளின் வண்டிக்குத்தான் நடந்தேன், கதவுல கைகூட வச்சேன். யாரும் என்னைத் தடுக்கல. அப்புறம் யோசிச்சேன். பேண்டு வச்சு அனுப்புன ஆளு ஓடிட்டான்னு நாளைக்குத் தெரிஞ்சா, எங்க அக்கா அந்த ஊர்ல எப்படிப் பூசைக்குப் போவா? அந்தப் பசங்க நான் சொல்லிக் குடுத்த மரியாதைய எனக்கே பண்ணானுங்க. சும்மா போயிருந்தா யாரும் கவனிச்சிருக்க மாட்டாங்க. மாலக்கி மச்சான்கிட்ட ஒண்ணும் சொல்லாதீங்க, பாவம், நல்லதுக்குத்தான் பண்ணாரு.”

சொல்லக் கூடாது என்று எழுதியிருக்கிறான். நான் சொல்லிவிட்டேன். உங்களுக்குத் தெரிய வேண்டும் என்று நினைத்தேன்.

ஃபின்டன்


பாலிக்ரீன்
16 ஆகஸ்ட் 1914

சகலைக்கு,

நீ 6-ஆம் தேதி காலை எழுதியது என் கைக்கு வந்தது மறுநாள். அதை மறுபடி மறுபடி படித்தேன். ஒவ்வொரு தடவையும் அது ஒரு நாள் முன்னால் வந்துவிடாதா என்று எதிர்பார்த்தேன். என் மூளை இப்போது இந்த நிலையில்தான் வேலை செய்கிறது.

நான் சும்மா இருக்கவில்லை. மர்ட்டி வரவில்லை என்ற உன் கடிதம் வந்த அன்றே ட்ராலிக்குப் போனேன். முகாம் வாசலில் காவல்காரன், “பேர் குடுக்க வந்தீங்களா பெரியவரே? உங்க வயசுக்கு அடுத்த சண்டைதான்,” என்றான். அவன் சொன்னது நல்ல கிண்டல்தான். வேறு நாளாக இருந்தால் அவனுக்கு ஒரு கோப்பை வாங்கிக் கொடுத்திருப்பேன். மர்ட்டியை அதற்குள் கப்பலேற்றி இங்கிலாந்துக்கு அனுப்பிவிட்டார்களாம். அங்கிருந்து பிரான்ஸ். வாசலில் நின்ற மற்ற ஊர்க்காரர்களில் ஒருவர் என்னிடம், “எங்க ஊர்ல ரெண்டு பேண்டு, உங்க ஊர்ல?” என்று கேட்டார்.

டீலியாவிடம் அவன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். கடைசி வரியையும் விடாமல் படித்தேன். “நல்லதுக்குத்தான்,” என்று அவள் ஒரு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். அதன் பிறகு எனக்குச் சோறு போடுகிறாள், துணி துவைத்துத் தருகிறாள், கேட்டதற்குப் பதில் சொல்கிறாள். திட்டினால் தேவலை.

ஊரில் நான் பெரிய மனுஷன் ஆகிவிட்டேன். வீரனின் மச்சான்.

நீ திட்டியாவது எழுது.

மாலக்கி


பாலிக்ரீன்
4 அக்டோபர் 1914

சகலை,

என் போன கடிதத்துக்கு நீ பதில் எழுதவில்லை. இருந்தும் எழுதுகிறேன், எழுத வேண்டியிருக்கிறது.

மர்ட்டி செத்துப்போனான். சர்க்கார் தாள் ‘காணவில்லை’ என்றுதான் சொல்கிறது. ஆனால் பக்கத்துப் பங்கைச் சேர்ந்த குவின், தப்பி வந்த சிலரில் ஒருவன், ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு டீலியாவுக்கு எழுதியிருக்கிறான். பின்வாங்கும் படைக்குக் காவலாக இவர்களை ஒரு சாலையில் நிறுத்தினார்களாம். போதும், வந்துவிடுங்கள் என்று அனுப்பிய உத்தரவு இவர்களுக்கு வந்து சேரவே இல்லையாம். கடைசியில் ஒரு ஆப்பிள் தோட்டம். சுற்றிலும் எதிரி. தோட்டா தீர்ந்த பிறகும் மர்ட்டி பக்கத்தில் இருந்தவர்களிடம் விளையாட்டாகப் பேசிக்கொண்டிருந்தான் என்று எழுதியிருக்கிறான். என்ன விளையாட்டுப் பேச்சு என்று எழுதவில்லை.

நம் தலைவர், தொண்டர்களெல்லாம் சண்டை எங்கே நடக்கிறதோ அங்கே போக வேண்டும் என்று பேசியது உனக்குத் தெரியும். அதன் பேரில் நேற்று பங்கு மண்டபத்தில் எங்கள் படைக்கு வாக்கெடுப்பு. கான்சிடைன் கை தூக்கச் சொல்வதற்கு முன், இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்று எழுந்தேன்.

எழுந்ததுமே சிரித்துவிட்டார்கள், ஃபின்டன். நான் வாயைத் திறக்கவில்லை. “டூஹி எந்திரிச்சுட்டாரு, இனி ராத்திரிச் சாப்பாடு இங்கதான்!” என்று ஒருவன். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. இருபது வருஷமாக நான் எழுந்தது எல்லாம் அதற்குத்தான்.

“மர்ட்டி போக விரும்பல,” என்றேன். “அவன் அமெரிக்காவுக்கு ஓடறதா இருந்தான். போலீஸ் கண்ணுல மண்ணத் தூவத்தான் நான் பேண்டு வச்சேன்.” இன்னும் பலமாகச் சிரித்தார்கள். ஒருவன் பெஞ்சைத் தட்டினான். மறுபடியும் அதையே சொன்னேன். மூன்றாம் முறை சொன்னபோதுதான் அடங்கியது.

கான்சிடைன் வெளுத்துப்போய், “செத்தவனைக் கேவலப்படுத்தாதீங்க டூஹி. அவன் வீரன். நாமதானே அனுப்பி வச்சோம்? நம்ம கண்ணாலதானே பாத்தோம்?” என்றார். பிறகு கூட்டத்தைப் பார்த்து, “மர்ட்டி ஹெஹருக்காகக் கை தூக்குங்க,” என்றார்.

எல்லாக் கையும் எழுந்தது. கீழே இருந்தது என் கையும், காது கேட்காத லூனியின் கையும்தான். பக்கத்தில் இருந்தவன் தட்டிச் சொன்னதும் லூனியும் தூக்கிவிட்டான்.

வீட்டுக்கு வந்தேன். செய்தி எனக்கு முன்னால் வந்திருந்தது.

“அவன் பேரைச் சொல்லித்தான் தூக்குனாங்களா?” என்று டீலியா கேட்டாள்.

“ஆமா.”

“உங்களுக்கு எப்பவும் ஒரு கூட்டம் வேணும், மாலக்கி. அவனை அனுப்பவும் கூட்டம். தப்பை ஒத்துக்கவும் கூட்டம். எங்கிட்ட ஒரு தடவை, தனியா, சொல்லியிருக்கலாம்ல?”

முதன்முறையாக அவள் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு ஒன்று கேட்டாள். ஒரு வேடிக்கைப் பதில் வாய் வரை வந்தது. அதை விழுங்கிவிட்டேன். இப்படி விழுங்கத் தெரிந்தது எனக்கே புதிது.

நாளைக் காலை வண்டியில் உங்கள் வீட்டுக்கு வருகிறாள். எத்தனை நாளுக்கு என்று சொல்லவில்லை, நான் கேட்கவில்லை. ஸ்டேஷன் வரை வருகிறேன் என்றேன். வேண்டாம், தனியாகப் போய்க்கொள்கிறேன் என்றாள். தயவுசெய்து நீ ஸ்டேஷனுக்குப் போ.

மாலக்கி


டப்ளின்
9 அக்டோபர் 1914

திரு. மாலக்கி டூஹி அவர்களுக்கு,

அண்ணி பத்திரமாக வந்து சேர்ந்தார்.

இங்கேயும் வாக்கெடுப்பு நடந்தது. பெரும்பாலோர் தலைவர் பின்னால் போய்விட்டார்கள். மிச்சம் நாங்கள் ஒரு லாயத்தின் மாடி அறையில் அடங்கிவிடுகிறோம். நீங்கள் மண்டபத்தில் சொன்னதை, ஊரும் பேரும் சொல்லாமல், அவர்களுக்குப் படித்துக் காட்டினேன். ஒருவரும் சிரிக்கவில்லை. உங்களுக்குச் சொல்ல என்னிடம் இருக்கும் நல்ல செய்தி இது ஒன்றுதான்.

என் கடிதம் நேரத்துக்கு வந்திருந்தால் நீங்கள் பேண்டை நிறுத்தியிருப்பீர்களா என்று வின்னி கேட்டாள். எனக்குத் தெரியாது என்றேன். அண்ணி துணி மடித்துக்கொண்டிருந்தார். நிறுத்தியிருக்க மாட்டார் என்று நிமிராமலே சொன்னார். அதன் பிறகு இந்த வீட்டில் உங்கள் பேச்சு வரவில்லை.

இங்கே குளிர் தொடங்கிவிட்டது. அண்ணியின் கம்பளி மேலங்கி படுக்கையறைக் கதவுக்குப் பின்னால் தொங்குகிறதாம். அதைப் பார்சலில் அனுப்பி வையுங்கள். உள்ளே கடிதம் எதுவும் வைக்க வேண்டாம்.

ஃபின்டன் ப்ரோஃபி